வழிமறித்த அம்மாக்கள்

"அவர் படியேறி வந்ததும் முதல்ல நம்ம ஊர் பேரைச் சொல்லு. அப்புறம் என்ன ஆனாலும் பேச்சை நிறுத்தாதே," என்றாள் கோர்லிஸ்.

"எதைப் பத்திப் பேசறது?" என்றாள் இவோன்.

"எதை வேணா பேசு. மழையைப் பத்திப் பேசு. ஓட்டெடுப்பு முடியற வரைக்கும் அந்த மனுஷன் அந்த அறைக்குள்ள போகக் கூடாது. அவ்வளவுதான்."

இருவரும் பெற்றோர் சங்கத்தின் சிவப்பு டி-ஷர்ட் போட்டுக்கொண்டு மாநிலச் சட்டமன்றத்தின் மாடிப்படி அருகே, குழு அறைக்கு வெளியே நின்றிருந்தார்கள். வருடத்தில் ஒரு நாள், ஊர் ஊராகப் பெற்றோர்கள் பஸ்ஸில் வந்து உறுப்பினர்களைப் பார்த்து முறையிடுகிற நாள் அது. மற்ற அம்மாக்கள் கீழே உறுப்பினர்களோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கோர்லிஸுக்கு அந்தப் போட்டோக்களில் இருந்த நம்பிக்கை எப்போதோ போய்விட்டது. வருடா வருடம் போட்டோ வந்தது, பூட்டு வரவில்லை.

பூட்டுதான் விஷயம். அவர்கள் ஊர்ப் பள்ளியில் வகுப்பறைக் கதவுகளை உள்ளேயிருந்து பூட்ட முடியாது. துப்பாக்கியோடு எவனாவது வந்தால் என்ன செய்வது என்று ஒத்திகை நடக்கும்போதெல்லாம், டீச்சர் புத்தக அலமாரியை இழுத்து வந்து கதவுக்கு முட்டுக் கொடுப்பாள். கோர்லிஸின் மகள் டீலியாவுக்கு ஏழு வயது. போன வாரம் ஒத்திகை முடிந்து வீட்டுக்கு வந்தவள், "எங்க அலமாரி கனமா இல்லம்மா. நாங்க எல்லாரும் சேந்து புடிச்சுக்கணுமாம்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அன்று இரவு கோர்லிஸுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பழைய பள்ளிகளுக்குப் பூட்டும், ஒரு நர்ஸும் தர அரசு பணம் ஒதுக்கும் மசோதா இன்று சட்டமன்றக் குழு ஒன்றின் முன் ஓட்டுக்கு வந்திருந்தது. குழுவைத் தாண்டிவிட்டால் சபையில் தடையில்லை. தாண்டுவதுதான் கஷ்டம். பன்னிரண்டு பேரில் பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். சமமாக வந்தால் மசோதா தோற்றதாகவே அர்த்தம். அந்தப் பக்கத்தில் ஒருத்தர், இவர்கள் ஊர் உறுப்பினர் ஸ்ட்ரோபல். கட்சி சொன்ன பக்கம் கையைத் தூக்குவதைத் தவிர அவர் இதுவரை வேறெதுவும் செய்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

ஸ்ட்ரோபல் வந்தார். கனத்த உடம்பு, கோட்டுக்குக் கீழே பண்ணைக்காரர் பூட்ஸ்.

"ஹார்லன் கிரீக்கிலேர்ந்து வர்றோம் சார்," என்றாள் இவோன்.

அவர் நின்றுவிட்டார். நிற்காமல் என்ன செய்வார்? தேர்தல் வருகிற வருடத்தில் சொந்தத் தொகுதி ஆளை நடுவழியில் விட்டுவிட்டுப் போகிற உறுப்பினர் அந்த மாநிலத்திலேயே கிடையாது.

கோர்லிஸ் கதவைப் பற்றிச் சொன்னாள், அலமாரியைப் பற்றிச் சொன்னாள். டீலியா சொன்னதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. அது நடிப்பில்லை. ஸ்ட்ரோபல் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, எந்த வகுப்பு, எந்தப் பக்கத்துக் கட்டடம் என்று கேட்டார். அதே கட்டடத்தில்தான் தானும் படித்ததாகச் சொன்னார்.

அவருடைய உதவியாளர் பெண் ஓடி வந்தாள். "சார், உள்ள உங்களைத் தேடறாங்க. ஓட்டெடுப்பு ஆரம்பிக்கப் போகுது."

"எங்க ஊர்க்காரங்கம்மா. பாதிப் பேச்சுல எழுந்து வந்தா நல்லாவா இருக்கும்? வர்றேன்னு சொல்லு."

கோர்லிஸிடம் சரக்கு தீர்ந்துபோனது. இவோனுக்குத் தீராது. கூரை ஒழுகுவதிலிருந்து மழைக்குப் போனாள், மழையிலிருந்து கோதுமைக்குப் போனாள், அங்கிருந்து பள்ளிச் சாப்பாட்டுக்கு வந்தாள். மிளகாய்க் குழம்போடு தருகிற, இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டி இப்போதெல்லாம் சின்னதாகிவிட்டது என்றாள். தன் காலத்தில் அது தட்டு அகலம் இருந்ததாக ஸ்ட்ரோபல் சொன்னார். இருந்திருக்காது என்று இவோன் மறுத்தாள். இரண்டு பேரும் அதற்கு ஒரு சண்டையே போட்டார்கள்.

உதவியாளர் மறுபடி ஓடி வந்து, கட்சித் தலைவர் கோபமாக இருப்பதாகச் சொன்னாள். ஸ்ட்ரோபலின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்துவிட்டுப் பையிலேயே போட்டுக்கொண்டார். பாவம், மனுஷன் வசமாக மாட்டிக்கொண்டார் என்று கோர்லிஸ் நினைத்தாள்.

உள்ளே நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. உதவியாளர் மூன்றாம் முறையாக வந்தாள். இந்தத் தடவை நடந்துதான் வந்தாள்.

"முடிஞ்சிருச்சு சார். ஆறுக்கு அஞ்சு. மசோதா பாஸ்."

கோர்லிஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. இவோன் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். ஆனாலும் அந்தப் பெரிய மனிதர் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பதைப் பார்க்க கோர்லிஸுக்குச் சங்கடமாக இருந்தது. இன்று கட்சிக்காரர்கள் அவரை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவார்கள்.

"மன்னிச்சுக்கோங்க சார். உங்களை உள்ள போக விடக் கூடாதுன்னுதான் வேணும்னே பேசிட்டு இருந்தோம்."

ஸ்ட்ரோபல் எழுந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"உள்ள போயிருந்தா கட்சி சொன்ன பக்கம்தாம்மா கையைத் தூக்கியிருக்கணும். யாராவது வந்து மறிக்க மாட்டாங்களான்னு காலைலேர்ந்து நான் இந்தப் படியையே ஏறி இறங்கிட்டு இருக்கேன்."