மோவாய் உயரம்

செருப்பைக் கழற்றினாள். சுவரில் முதுகை ஒட்டி நின்றாள். குதிகால் சுவரில் படுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டாள்.

உச்சந்தலைமேல் உள்ளங்கையை வைத்து, அப்படியே பக்கவாட்டில் நகர்த்தினாள். விரல்நுனி ஜன்னல் சட்டத்தில் பட்டது.

கீல் அதற்குக் கீழே இருந்தது.

இதுவும் இல்லை.

செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த சுவருக்குப் போனாள்.

வியட்நாமின் ஹோய் ஆனில் எல்லாச் சுவர்களும் மஞ்சள். வீட்டில் யாரும் இதை நினைத்துப் பார்க்கவில்லை. அண்ணன் அனுப்பிய படத்தில் இருந்தது ஒரே ஒரு மஞ்சள் சுவர்தான்.

அதில் சாய்ந்து நின்று அவன் சிரிக்கிறான். பக்கத்தில் நீல ஜன்னல். ஜன்னல் கதவின் மேல் கீல் அவன் மோவாய்க்கு நேராக இருக்கிறது. இடுப்பளவில், வெள்ளம் நின்று வடிந்த கறை. சுவரின் அடியில், படம் எடுத்தவரின் நிழல்.

'வேலை நல்லாருக்கு. இன்னைக்கு லீவு. ஊர் சுத்திப் பாக்குறேன்' என்று எழுதியிருந்தான்.

அதன்பிறகு எதுவும் வரவில்லை. கம்ப்யூட்டர் வேலை என்று அவனை அனுப்பிவைத்த ஏஜெண்டின் அலுவலகம் பூட்டிக் கிடந்தது. மனுக்களுக்கு, கிடைத்தது என்று மட்டும் பதில் வந்தது. அவன் எந்த ஊரில் இருந்தான் என்றுகூட எவருக்கும் தெரியவில்லை.

கையில் இருந்தது அந்தச் சுவர் மட்டும்தான்.

திருச்சியில் ஒரு சுற்றுலா போஸ்டரில் அதே மஞ்சளைப் பார்த்தபோது, அவள் பேருந்தைத் தவறவிட்டு நின்றாள். பிறகு அந்தச் சுற்றுலாக் குழுவிலேயே பெயர் கொடுத்தாள்.

இன்று பிற்பகல் மட்டும் அவரவர் விருப்பம்போல் நடந்து பார்க்கலாம். இருட்டுவதற்குள் பேருந்துக்கு வந்துவிட வேண்டும்.

முதலில் படத்தைக் காட்டிக் கேட்டாள். கூம்புத் தொப்பி போட்ட பழக்காரி பார்த்தாள். படகுக்காரர் பார்த்தார். இருவரும் படத்தைவிட அவள் முகத்தையே அதிக நேரம் பார்த்தார்கள். பிறகு தலையாட்டினார்கள். இல்லை என்றுதான் இருக்க வேண்டும்.

கறையைத் தேடினாள். ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் புதிதாக மஞ்சள் பூசிவிடுவார்கள் என்று வழிகாட்டி சொன்னார். ஜன்னலும் இப்போது நீலமாக இருக்கும் என்று என்ன நிச்சயம்?

கீல் மட்டும் நகராது.

அண்ணனின் மோவாய் எந்த உயரத்தில் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அடுப்படியில் அவள் நிற்கும்போது பின்னால் வந்து, அவள் உச்சந்தலையில் மோவாயை வைத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிடுவான்.

"எம்மா, எனக்குன்னு அளவெடுத்து ஒரு ஸ்டாண்டு பெத்துருக்க பாரு!"

அது வெறுங்காலில். படத்தில் அவன் கால் தெரியவில்லை. ஷூ போட்டிருந்தால்? கொஞ்சம் கூன் விழுந்திருந்தால்? இதெல்லாம் ஓர் அளவா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு சுவரிலும் செருப்போடு ஒருமுறை, செருப்பில்லாமல் ஒருமுறை நின்றாள்.

அறையில் உடன் தங்கியிருந்த பரிமளா அக்கா பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். அவரிடம் அவள் எதையும் சொல்லவில்லை.

"ஏம்மா, சுவருக்குச் சுவர் போயி ஒட்டிக்கிற? பல்லியா நீ?"

அவள் அடுத்த சுவருக்கு நடந்தாள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. விளக்குக் கூண்டுகளை ஏற்றத் தொடங்கியிருந்தார்கள்.

ஆற்றை நோக்கிப் போகும் சந்து. பச்சை ஜன்னல். பச்சை என்பதால் முதலில் தாண்டிப் போய்விட்டாள். பிறகு, முறையை மாற்றக் கூடாது என்று திரும்பி வந்தாள்.

செருப்பைக் கழற்றினாள். முதுகை ஒட்டினாள். கையை நகர்த்தினாள்.

விரலில் இரும்பு.

மறுபடி செய்தாள். மறுபடியும் இரும்பு.

படத்தைப் பெரிதாக்கினாள். கீலில் ஒரு திருகாணி இல்லை. இங்கேயும் இல்லை. அந்தத் துளையைப் பெயின்ட் அடைத்திருந்தது. அதன் ஓரத்தைச் சுரண்டினாள். நகத்தில் நீலம் வந்தது.

அழுவோம் என்று நினைத்திருந்தாள். அழுகை வரவில்லை. கண்டுபிடித்தபின் என்ன செய்வது என்று அவள் யோசித்ததே இல்லை.

சுவர் வெயிலில் சூடாக இருந்தது. அவன் நின்ற இடத்தில் சாய்ந்தாள். உச்சந்தலையில் ஏதாவது வந்து அமருமா என்பதுபோல் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தாள்.

பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

இத்தனை மாதமும் அவனுக்குப் பின்னால் இருந்ததை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னால் என்ன இருந்தது என்று படத்தில் தெரியாது.

முன்னால், சந்தின் மறுபக்கம், ஒரு சின்னக் காவல் நிலையம்.

கதவு திறந்திருந்தது. பச்சைச் சீருடையில் இரண்டு பேர் மேசையருகே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அந்தத் தோலின் வாசனை இங்கே வரை வந்தது.

அவன் கூப்பிடக்கூட வேண்டியிருந்திருக்காது. முனகியிருந்தாலே அவர்களுக்குக் கேட்டிருக்கும்.

படத்தை மறுபடி எடுத்துப் பார்த்தாள். அவன் சிரிப்பை. சுவரின் அடியில் கிடந்த அந்த நிழலை.

"அப்பாடா, ஒரு எடத்துல நின்ன!"

பரிமளா அக்கா போனை உயர்த்திக்கொண்டு சந்தின் நடுவில் வந்து நின்றார். காவல் நிலையத்தின் கதவு அவர் முதுகுக்குப் பின்னால் மறைந்தது. அவர் நிழல் நீண்டு வந்து சுவரின் அடியைத் தொட்டது.

"கொஞ்சம் சிரியேம்மா. ஊர்ல எல்லாரும் பாப்பாங்கல்ல?"

அவள் சிரித்தாள்.