அந்து தொடாத கரடி

"ஆறு வருஷமா ஒரு ரோமம்கூடக் கொட்டலியா? என்ன மருந்து போடறீர்?"

கல்கத்தாவிலிருந்து சோதனைக்கு வந்திருந்த விலங்கியல் நிபுணர் சேஷன், பாடம் செய்து நிறுத்தியிருந்த வெள்ளைக் கரடியை வாய் பிளந்து பார்த்தார். திருவனந்தபுரத்துக் கல்லூரி ஒன்றின் காட்சி அறை அது. அறுபத்தெட்டாம் வருஷ மழையில் கூரை ஒழுகி, அந்துப்பூச்சி புகுந்து, நரி, கீரி, மரநாய் எல்லாவற்றையும் மொட்டையடித்துவிட்டது. வடதுருவக் கரடி மட்டும் புது மாப்பிள்ளை போல நின்றது.

"வசம்பும் வேப்பிலையும்தான் சாரே," என்றார் காவலாளி தாணுமாலையன். வேலை இன்னும் தற்காலிகம்தான். சேஷன் தன் அறிக்கையில் நல்லபடி எழுதினால் நிரந்தரம். இல்லாவிட்டால் பழையபடி சாலை பஜாரில் மெத்தைக்கடை.

சேஷன் கரடியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இது பாலூட்டி, அரை டன். அந்து வெறும் பூச்சி, அரிசி கனம்கூடக் கிடையாது. விலங்குங்கற ஒரு சொல்லைத் தவிர ரெண்டுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. உசிரோட இருக்கற கரடியை வேட்டைக்காரன்கிட்டேர்ந்து காப்பாத்த அஞ்சு தேசம் சேர்ந்து ஒப்பந்தம் போட்டிருக்கு. செத்த கரடியை அந்துகிட்டேர்ந்து காப்பாத்த ஒருத்தராலயும் முடியலை. உம்மால முடிஞ்சிருக்கே!"

பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தார். உள்ளே மூன்று அந்துப் புழுக்கள்.

"இதுகளைக் கரடி தோள்ல விட்டு, மேலே வலை கட்டிடறேன். ஒரு மாசம் கழிச்சுப் பார்ப்போம்."

அந்த ஒரு மாதமும் தாணுமாலையனுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி உலகம்மாள் போகாத கோயில் இல்லை.

சேஷன் திரும்பி வந்து வலையை அவிழ்த்தார். மூன்று புழுக்களும் காய்ந்து கிடந்தன. லென்ஸை வைத்துக் கரடியின் தோளை வெகுநேரம் பார்த்தார். அவர் கண் கலங்கியது.

"மருந்து பலிச்சிருக்கு, இல்லியா சாரே?"

"உமக்குக் காவலாளி வேலை நிரந்தரம் கிடையாதுன்னு எழுதப்போறேன்."

தாணுமாலையன் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை அவிழ்த்து நீட்டினார்.

"பாடம் பண்ற வேலைக்குத்தான் சிபாரிசு. புழு மருந்துல சாகலை ஓய், பட்டினியில செத்துது. அந்து ரோமத்தைத் தின்னும், பருத்தி நூலைத் தின்னாது. அறுபத்தெட்டுலயே மொட்டையாப் போன கரடிக்கு, முழு உடம்புக்கும் ஒத்தை ஒத்தை நூலாத் தைச்சிருக்கீரே... எங்கே, அந்தக் கையைக் காட்டும், நான் ஒரு தடவை தொட்டுப் பார்க்கணும்!"