தண்ணீர் கேட்காத செடிகள்

பூத்து நின்ற ரோஜாச் செடியைத் தொட்டியிலிருந்து வேரோடு உருவி, மேலாளரின் காலடியில் போட்டாள் அவள். "இது வேண்டாம் சார். இது மட்டுமில்ல, மேற்கு ஓரத்துல இருக்கிற ஒண்ணுமே வேண்டாம்."

மேலாளருக்குச் சுருக்கென்றது. தோட்டக்கலை படித்து வேலைக்கு வந்து, பயிற்சிக் காலம்கூட முடியாத பெண். நாலு எழுத்துப் படித்ததும் கண் தலைக்கு மேல் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார்.

கீழே தையல்கூடம் அடுப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. மொட்டைமாடி முழுக்க மண் பரப்பிச் செடி வளர்த்தால் சூடு தணியும் என்று முதலாளி உத்தரவு போட்டுவிட்டார். நாளை மண் லாரி வருகிறது. என்ன செடி என்பதை இன்றே முடிவு செய்தாக வேண்டும்.

ஸ்டோர் கீப்பர் குனிந்து அந்த ரோஜாவைக் கையில் எடுத்தார். "பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தேன் சார். காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஒரு தடவை, சாயங்காலம் ஷிப்ட் விட்டதும் ஒரு தடவை, என் கையால தண்ணி ஊத்தி வளர்த்தது. பிடுங்கிப் போட்டுட்டா. சரி, இதுக்குப் பதிலா என்ன வைக்கப் போறீங்க பாப்பா?"

"பிரண்டை, தும்பை, சிறுபீளை, அருகு. மேற்கு ஓரம் முழுக்க நெருஞ்சி."

அவர் சிரித்த சிரிப்பில் தண்ணீர்த் தொட்டிமேல் இருந்த காக்கை பறந்துபோனது. "கேட்டுக்குங்க சார். வேலியோரம் ஆடு மேயுறதைக் கொண்டாந்து மாடியில நட ஒரு பட்டம், அதுக்கு ஒரு சம்பளம். வீட்டுலயே முதமுதலா படிச்ச பொண்ணு, பாவம். பார்த்து வளர்ந்ததைத்தானே நடும்."

"ஆமா, நான் பார்த்ததை நடுறேன். நீங்க பார்க்கிறதுக்கு நடுறீங்க."

ஸ்டோர் கீப்பரின் முகம் கறுத்தது. பூ அழகு தெரியாத ஜென்மம் என்று மேலாளர் தலையை ஆட்டிக்கொண்டார். "சண்டையை விடும்மா. நெருஞ்சி எதுக்கு? அங்க ஒருத்தன் காலை வைக்க முடியாதே."

"யாரு சார் அங்க காலை வைக்கணும்?"

"என்னம்மா பேச்சு இது?"

"நாலு விரல் உயரம்தான் மண்ணு போட முடியும் சார், அதுக்குமேல போட்டா கட்டடம் தாங்காது. அந்த மண்ணுல ரோஜா வச்சா ரெண்டு வேளையும் தண்ணி கேட்கும். நான் சொல்றது பாறை இடுக்குலயே முளைக்கிற சாதி. மழை பேஞ்சா எழுந்துக்கும், பேயலைன்னா பொறுத்துக்கும். யாரும் மேல ஏறி வரவே வேண்டாம்."

"தண்ணிதானே பிரச்சனை?" ஸ்டோர் கீப்பர் மேலாளரின் பக்கம் நகர்ந்து நின்றார். "நான் ஊத்துறேன் சார். ஞாயித்துக்கிழமையும் வந்து ஊத்துறேன். இத்தனை நாளா ஊத்தினதுக்கு என்னைக்காவது கூலி கேட்டிருக்கேனா?"

கேட்டதில்லைதான். மேலாளருக்கு அவள்மேல் எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "சந்துக்கு அந்தப் பக்கம் லேடீஸ் ஆஸ்டல்லதானே நீயும் இருக்கே? அங்க இருக்கிற யாருக்கும் இந்த மனுஷனைக் கண்டா ஆக மாட்டேங்குது. செடிக்குத் தண்ணி ஊத்துறது ஒரு குத்தமா?"

"செடியைப் பத்தி மட்டும் பேசுவோம் சார்."

"பேசலாம். உன் செடி காஞ்சதுன்னா அன்னைக்கே உனக்கு இங்க வேலை கிடையாது. வீட்டுக்குக் காசு அனுப்புற பொண்ணு, யோசிச்சுச் சொல்லு."

அவள் யோசிக்கவில்லை. "சரி சார்."

களைச்செடிக்காக வேலையைப் பணயம் வைக்கிற பைத்தியத்தை மேலாளர் இப்போதுதான் பார்க்கிறார். ஆனால் தையல்கூடத்துக் கூரையில் ஈரம் இறங்கிப் போன வாரம் ஒரு கட்டுத் துணி கறைபட்டிருந்தது. இன்னொரு கட்டு போனால் முதலாளி பிடிக்கப்போவது இவர் கழுத்தைத்தான்.

"தண்ணி கேட்காத செடியே இருந்துட்டுப் போகட்டும்" என்றார், மனசே இல்லாமல்.

அவள் உடனே ஸ்டோர் கீப்பரிடம் கையை நீட்டினாள். "மாடிச் சாவி."

எந்த இடத்தை யார் பராமரிக்கிறார்களோ அவரிடம்தான் சாவி. அந்தக் கம்பெனியில் முதலாளிகூட மீறாத வழக்கம் அது. ஸ்டோர் கீப்பர் சட்டைப் பையை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். "அது என்கிட்டயே இருக்கட்டும் சார். சும்மா காத்து வாங்கவாவது வந்துட்டுப் போறேன்."

"காத்து கீழேயும் அடிக்குது" என்றாள்.

"குடுத்துத் தொலைங்க" என்றார் மேலாளர்.

சாவி அவள் காலடியில் வந்து விழுந்தது. "நல்லா இருக்க மாட்டே நீ" என்று சபித்துவிட்டு, அந்த ஒற்றை ரோஜாவோடு படியிறங்கினார் ஸ்டோர் கீப்பர். போகிற போக்கில் மேற்குச் சுவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

மேலாளருக்குப் பொறுக்கவில்லை. "வயசான மனுஷனுக்கு இருந்த ஒரே சந்தோஷம். அதையும் பிடுங்கிட்டே. இதுல உனக்கு என்னம்மா கிடைச்சுது?"

அவள் சாவியைப் பொறுக்கிக்கொண்டு, மேற்குச் சுவருக்கு எதிரே இருந்த விடுதியைப் பார்த்தபடி போனைக் காதில் வைத்தாள்.

"அக்கா, பாத்ரூம் ஜன்னல்ல ஒட்டின பேப்பரையெல்லாம் கிழிச்சிடுங்க."