நொடிக்குப் பத்துப் படம்

தாலி கட்டும் நொடியை ஒற்றைப் படமாக எடுக்கக் கூடாது என்பது போட்டோக்காரர் இசக்கிமுத்துவின் தொழில் பாடம். கெட்டிமேளம் எழுந்ததும் விரலை எடுக்காமல் அழுத்தினால் கேமரா நொடிக்குப் பத்துப் படம் எடுத்துத் தள்ளும். அட்சதையும் பூவும் மறைத்தது போக ஒன்றாவது தேறும். தாலி ஏறியதும், தேறியதைப் பார்க்க மேடையோரம் நின்று கேமராவின் சக்கரத்தை உருட்டினார். வேகமாக உருட்டினால் படங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து அசையத் தொடங்கும். அந்த வேடிக்கை அவருக்குப் பிடிக்கும். மணப்பெண் செண்பகவல்லி அசைந்தாள். நேராக லென்ஸைப் பார்த்தாள். உதடுகள் திறந்து மூடின. மறுபடி உருட்டினார். உதட்டசைவு சொல்லாகப் புரிந்தது: "அண்ணே, காப்பாத்துங்க." மேளச் சத்தத்தில் அது அவருக்குக் கேட்டிருக்கவில்லை. தான் அதட்டியது மட்டும் நினைவிருந்தது: "கேமராவப் பாக்காத தாயி, தலையக் குனி!" அடுத்து வந்த படங்களில் அவள் குனிந்திருந்தாள். அதற்குப் பிந்தியவற்றில் கழுத்தில் மஞ்சள் கயிறு. கல்யாண வீட்டில் யாரை வேண்டுமானாலும் போட்டோக்காரர் தனியே கூப்பிடலாம், ஒருவரும் காரணம் கேட்பதில்லை. இசக்கிமுத்து மேடையேறினார்.

"மாப்ள, பொண்ண மட்டும் நாலு படம் எடுக்கணும். வாசல்ல வெளிச்சம் நல்லாருக்கு."

"என்னண்ணே, அதுக்குள்ள பிரிக்கப் பாக்கியளே!" மாப்பிள்ளை சிரித்தான். சுற்றி நின்ற அவன் வீட்டாரும் சிரித்தார்கள். "நானும் வாரேன்."

"இல்ல மாப்ள, அவ மட்டும் வரட்டும்."

குரல் நடுங்கியது அவருக்கே கேட்டது. சிரிப்பு நின்றது. செண்பகவல்லியோடு கோத்திருந்த விரலை விடாமல், மாப்பிள்ளை மறுகையை நீட்டினான்.

"அப்படி என்னத்தண்ணே எடுத்திருக்கீய? கேமராவக் குடுங்க, பாப்போம்."