சுற்று வழி

"லிஃப்ட்காரருக்கு மேலே, கீழே தெரியும். இடது, வலது எப்படித் தெரியும்?"

டிராயிங் மாஸ்டர் சொன்னதைக் கேட்டு, பக்கத்தில் நடந்துகொண்டிருந்த பல் டாக்டர் மட்டும் லேசாகச் சிரித்தார். அதுவும் மரியாதைக்கு.

அந்த நடைக்குழுவை ஆறு வருஷமாகக் காட்டுக்குக் கூட்டிப்போனவர் மாஸ்டர்தான். பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லிக்கொடுக்கிறவர். அடிவாரக் காட்டுப் பாதைகளுக்கும் கையாலேயே மேப் போட்டுக் கொண்டுவருவார், ஓடைக்கு நீலம், மரத்துக்குப் பச்சை என்று கலர் கொடுத்து.

போன மாசம் அந்த மேப், பதினோரு பேரையும் யாருடைய தோட்டத்திலோ, ரெண்டு நாய்களுக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்திவிட்டது. அங்கிருந்து பத்திரமாக வெளியே கூட்டிவந்தவர், நாலு மாசம் முன்னால் குழுவில் சேர்ந்த லிஃப்ட் மெக்கானிக்.

"இனிமே நீங்களே முன்னாடி போங்க சார்" என்று எல்லோரும் அவரிடம் சொன்னார்கள். மாஸ்டரும் சேர்ந்து கைதட்டினார். அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

இன்று காலையில் ஓடையைத் தாண்டும்போது, லிஃப்ட்காரர் தண்ணீருக்கு நடுவில் நின்று ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். மாஸ்டர் அந்தக் கையைத் தொடவில்லை. தானே தாவிக் கரையேறி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

மேலே ஓரிடத்தில், வழி காட்ட மரங்களில் பூசியிருந்த பெயின்ட் மழையில் அழிந்துபோயிருந்தது. லிஃப்ட்காரர் கொஞ்ச தூரம் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, சரியான பாதையைக் காட்டினார்.

"பரவாயில்லையே" என்றார் டாக்டர்.

"குருட்டு அதிர்ஷ்டம்" என்றார் மாஸ்டர்.

மதியத்துக்கு மேல், ஒரு மூங்கில் புதருக்கு முன்னால் பாதை ரெண்டாகப் பிரிந்தது. யாருடைய போனிலும் சிக்னல் இல்லை.

மாஸ்டருக்கு அந்த இடம் அத்துப்படி. வலது பக்கம் இறங்கினால் நாற்பதே நிமிஷத்தில் ரோடு. அங்கேதான் வேன் நிற்கும். இடது பக்கப் பாதையோ குன்றை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு அதே ரோட்டுக்குப் போகும்.

லிஃப்ட்காரர் மேப்பைப் பார்த்தார். தலையைத் தூக்கி வரிசையின் கடைசி வரைக்கும் ஒருமுறை பார்த்தார்.

"இடது பக்கம் போவோம்."

மாஸ்டருக்கு உள்ளுக்குள் ஜில்லென்றிருந்தது. வாயைத் திறக்கவில்லை. மாட்டிக்கொள்ளட்டும்.

பின்னாலிருந்து, அவரோடு நடைக்கு வந்திருந்த மனைவி என்னவோ சொன்னாள். அவர் அதைச் சரியாகக் காதில் வாங்காமலே ஏதோ பதில் சொன்னார். அவர் கண்ணெல்லாம் முன்னால் போகிற லிஃப்ட்காரரின் நீலத் தொப்பி மேலேயே இருந்தது.

ஒரு மணி நேரம் ஆயிற்று. ரெண்டு மணி நேரமும் ஆயிற்று. ஓரிடத்தில் மரம் விழுந்து பாதையை அடைத்திருக்க, வந்த வழியே கொஞ்சம் திரும்பி வேறு வழி தேட வேண்டியதாயிற்று. பாட்டில்களில் தண்ணீர் காலி. ஆளாளுக்கு முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

"டாக்டர், வீட்ல ஏதும் அவசரம் இல்லையே?" என்று அக்கறையாக விசாரித்தார் மாஸ்டர்.

"ஆறு மணிக்கு ரெண்டு பேருக்கு அப்பாயின்ட்மென்ட் கொடுத்திருக்கேன்" என்று பல்லைக் கடித்தார் டாக்டர்.

மூன்று மணி நேரம் கழித்து ரோடு வந்தது. லிஃப்ட்காரர் வேன் பக்கத்தில் நின்று எல்லோரையும் பார்த்துச் சொன்னார்.

"மன்னிச்சுக்கோங்க. வழியைத் தப்பா கணிச்சுட்டேன். என் தப்புதான்."

இந்த நேரத்துக்காகத்தான் மாஸ்டர் மூன்று மணி நேரம் நடந்திருந்தார்.

"அந்த மூங்கில்கிட்ட வலது பக்கம் இறங்கியிருந்தா, நாற்பது நிமிஷம்" என்றார்.

"தெரிஞ்சா அப்பவே சொல்லியிருக்கலாமே மாஸ்டர்?" என்று கேட்டார் ஒருவர்.

"முன்னாடி போறவரை எதுக்குக் குழப்பணும்னு விட்டுட்டேன்."

"அடுத்த மாசத்துலேருந்து பழையபடி நீங்களே முன்னாடி போங்க" என்றார் டாக்டர்.

முதலில் தலையாட்டியது லிஃப்ட்காரர்தான். "அதான் சரி சார்" என்று சொல்லிவிட்டு, வேனில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் யாரும் போய் உட்காரவில்லை.

மாஸ்டர் முன் சீட்டில் காலை நீட்டிச் சாய்ந்தார். ஒரு மாசமாக இல்லாத நிம்மதி. பக்கத்தில் மனைவி குனிந்து, பேன்ட்டை முழங்காலுக்கு மேலே சுருட்டினாள். முட்டி வீங்கி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டிருந்தது.

"என்ன இது?"

"காலையில ஓடையைத் தாண்டும்போது வழுக்கிருச்சு. கடைசி ஆளா வந்தேன் இல்ல, அவர்தான் பிடிச்சுத் தூக்கிவிட்டார்."

"இந்தக் காலை வெச்சுக்கிட்டா இவ்வளவு தூரம் நடந்தே?"

"சுத்து வழின்னாலும் சமமாத்தானே இருந்துச்சு. மெதுவா நடந்துட்டேன். வலது பக்கம் கிடுகிடுன்னு இறக்கமாமே. அவர் போன வாரமே தனியா வந்து ரெண்டு பாதையையும் பார்த்துட்டுப் போயிருக்கார். இந்த முட்டியோட அதுல இறங்கினா அவ்வளவுதான்னார். என்னாலதான் எல்லாருக்கும் லேட்டுன்னு தெரிய வேணாம்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்."

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். கடைசி சீட்டில் லிஃப்ட்காரர் கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தார்.

அப்போதும் மாஸ்டருக்கு மனசு ஆறவில்லை.

"அவன்கிட்ட சொல்லத் தெரிஞ்சுது. கட்டின புருஷன்கிட்ட சொல்லணும்னு தோணலையா?"

மனைவி பேன்ட்டை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டாள்.

"உங்ககிட்ட ரெண்டு தடவை சொன்னேங்க. 'பேசாம வா, அவன் எங்கே தப்புப் பண்றான்னு பார்க்கணும்'னீங்க."