மிச்ச வயிறு

வேதாசலம் உட்கார்ந்ததும் ஆஸ்பத்திரி நாற்காலி அம்மா என்று அலறியது. டாக்டர் மேஜைமேல் ஒரு வாழைப்பழத்தை வைத்தார். “எடை குறைய ஆபரேஷன் பண்ணா மிச்ச வயிறு இவ்வளவுதான் சார். யோசிச்சுச் சொல்லுங்க,” என்றுவிட்டு வெளியே போனார். ஒரு கல்யாணப் பந்தியையே உள்ளே உட்காரவைத்த வயிறு அது! வேதாசலம் யோசித்தார். யோசித்தபடியே பழத்தை உரித்து ஒரு கடி கடித்தார்.

“ஐயையோ, அது அளவுக்கு வச்சதுங்க!” என்று பதறினாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி கனகவல்லி.

“நீ சொல்லுடி. பண்ணிக்கட்டுமா?”

“குறட்டை நின்னா மூச்சும் நின்னுபோச்சோன்னு ராத்திரி பூரா உங்களை உலுக்கிக்கிட்டே கெடக்கேன். நான் என்னத்தச் சொல்ல?”

அவர் இன்னொரு கடி கடித்து மெல்வதற்குள் அவள் அவர் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். பழம் வாயிலேயே இருந்தது. மென்றால் தோள் அசையும்.