முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்

"எலும்பு வரைக்கும் பரவிடுச்சாம் டாக்டர். இனிமே கத்தி வெச்சும் பிரயோஜனம் இல்லைன்னுட்டாங்க."

எதிர் நாற்காலியில் இருந்த பெண் மடியில் கைகோத்தபடி சொன்னாள். குரல் உடையவில்லை. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவள் சொல்வது போல இருந்தது.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"முன்னாடியே யாரும் பரிசோதனைக்குப் போகச் சொல்லலையாம்மா?"

"போன வருஷம் நானே டாக்டர்கிட்ட கேட்டேன். கட்டி, வலி எதுவும் அப்ப இல்ல. என் வயசுக்கு மார்பகப் பரிசோதனை எடுத்துக்கணுமான்னுதான் கேட்டேன். 'உனக்கெதுக்கும்மா அதெல்லாம்'னு சிரிச்சுட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டார்."

"அவர் நின்னு பதில் சொல்லியிருக்கணும். உன்மேல ஒரு தப்பும் இல்ல."

செல்போனில் அலாரம் அடித்தது. டாக்டர் மேஜையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். நாளைக்கும் இதே மாதிரி பேசிவிட்டால் பாஸ்தான் என்றார்.

ஊரிலேயே மார்பகப் பரிசோதனைக்கு மிகக் குறைவாக ஆள் போவது அவருடைய கிளினிக்கிலிருந்துதான். ஏன் போகவில்லை என்று விசாரித்தால், டாக்டர் சொல்லவே இல்லை என்று பெண்கள் கையை விரித்தார்கள். சுகாதார அலுவலகம் அவரைப் பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பியது. நாளைய தேர்வில் கோட்டைவிட்டால் குடும்ப டாக்டர்கள் பட்டியலிலிருந்து அவர் பெயர் போய்விடும்.

ஒத்திகைக்கு நோயாளியாக நடிக்க அவருடைய நர்ஸை விட்டால் ஆள் கிடையாது. போஸ்ட்மேனின் இருமல், டீச்சரம்மாவின் முனகல் என்று பிசிறில்லாமல் செய்து காட்டி, ஊசிக்கு வந்தவர்களையே சிரிக்க வைப்பவள். ஒரு வாரமாகக் கிளினிக் முடிந்ததும் தினம் ஒரு நோயாளியாக மாறி எதிரே உட்கார்ந்தாள். கூடவே வேலை செய்தும், இத்தனை வருஷத்தில் அவள் முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை என்று டாக்டருக்கே தோன்றியது.

முதுகு பிடித்திருக்கிறது, இன்றைக்கு இது போதுமா என்று கேட்டாள் நர்ஸ்.

"உனக்கெதுக்கும்மா ஓய்வு? கல்லுக்குண்டு மாதிரி இருக்கே" என்றார் டாக்டர், அலாரத்தைத் திருப்பி வைத்தபடியே. "இன்னும் ஒரே தடவை."

அவள் மறுபடி முதலிலிருந்து சொன்னாள், ஒரு வார்த்தை மாறாமல். இம்முறை டாக்டருக்கு நிஜமாகவே கண் கலங்கியது. அதில் அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

அழாமல் நடித்ததுதான் உயிர் என்று பாராட்டினார். யாரைப் பார்த்துப் பிடித்தாள் என்று தெரிந்தாக வேண்டும் அவருக்கு. தையல்கடை அம்மாவா? இல்லை என்று தலையாட்டினாள். பேக்கரிக்காரரின் தங்கையா? அதற்கும் இல்லை.

"அப்போ நம்ம பேஷன்ட் இல்ல. நல்லவேளை" என்று மேஜை விளக்கை அணைத்தார் டாக்டர். "அது சரி, வாய்விட்டுக் கேட்டவளை அப்படி அனுப்பி வெச்ச அந்த மடையன் யாரும்மா?"

நோயாளி நாற்காலியிலிருந்து நர்ஸ் எழுந்திருக்கவில்லை.

"நான் கேட்டது உங்ககிட்டதான், டாக்டர்."